முன் சக்கரம் உரசிய நொடி: பந்தயத்தில் விழுந்தது யாருடைய பிழை?

மார்ச் 9, மாலை (ஒரு வாசகர் கேட்டது)

கூட்டமாக ஓட்டும் மிதிவண்டிப் பந்தயங்களில் ஒருவர் கீழே விழுந்தால், அது அவருக்கு முன்னால் சென்றவரின் பிழை என்பதே என் கருத்து. சென்ற மாதம் நான் கலந்துகொண்ட முதல் பந்தயத்தில், எனக்கு முன்னால் இருந்தவர் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரு பக்கமாக ஒதுங்கினார். என் முன் சக்கரம் அவருடைய பின் சக்கரத்தில் உரசியது. அடுத்த கணம் நான் சாலையில் கிடந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். இப்படி விழுந்த அனுபவம் வேறு யாருக்காவது உண்டா? உண்டென்றால், உங்களை வீழ்த்தியவரிடம் என்ன சொன்னீர்கள்?

மார்ச் 9, இரவு

உண்டு. பிப்ரவரி 21 அன்று, அதாவது 16 நாட்களுக்கு முன்பு, நானும் அப்படித்தான் விழுந்தேன். வலது காறை எலும்பு முறிந்து கை தூளியில் தொங்குவதால் இதை இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உங்கள் கேள்வியைப் படித்தபின் பதில் எழுதாமல் படுக்கப் போக மனம் வரவில்லை.

1.8 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் 20 சுற்றுகள், மொத்தம் 36 கிலோமீட்டர். ஏறத்தாழ 50 பேர் புறப்பட்டோம். எனக்கு இது நான்காவது பந்தயம். முதல் மூன்றிலும் பாதித் தூரத்துக்குள் பின்தங்கிவிட்டேன் என்பதால், 14ஆம் சுற்றிலும் முன்கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. நீண்ட நேர்பாதையில் காற்று வலப்புறத்திலிருந்து அடித்தது. எனக்கு முன்னால் நீலச் சட்டை அணிந்த ஒருவர் இருந்தார். அவர் சட்டென்று இடப்பக்கம் வெட்டினார். என் முன் சக்கரத்தின் வலப்பக்கம் அவருடைய பின் சக்கரத்தில் உரசியது.

விழும்போது காலம் மெதுவாக நகர்வதுபோல் இருக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி இருக்கவில்லை. முதலில் ஓர் ஒலி வந்தது. கெட்டித் துணியைக் கிழிப்பதுபோன்ற, ஆனால் அதைவிடத் தடித்த ஒலி. அதன்பின் தார்ச்சாலையின் மணல் துகள்கள் கண்ணுக்கு மிக அருகில் தெரிந்தன. இந்த இரண்டுக்கும் இடையில் எனக்கு எதுவுமே இல்லை.

அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. நானும் அவரிடம் இன்னும் பேசவில்லை. சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

மார்ச் 10

சக்கரங்கள் உரசும்போது பின்னால் இருப்பவர் மட்டும் விழுவதும் முன்னால் இருப்பவர் ஒரு குலுக்கலோடு தப்பிவிடுவதும் ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விழுந்தபின் இதைப் பற்றி நிறைய யோசித்தேன்.

மிதிவண்டி நிமிர்ந்து நிற்பது, நாம் உடலை இங்கும் அங்கும் அசைத்துச் சமன் செய்வதால் மட்டும் அன்று. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன் சக்கரத்தைச் சிறிது திருப்பி, சக்கரங்களை மீண்டும் நம் எடைக்குக் கீழே கொண்டுவருகிறோம். ஓட்டும் நேரம் முழுவதும் நாம் அறியாமலே இதைச் செய்துகொண்டிருக்கிறோம். இப்போது முன் சக்கரத்தின் வலப்பக்கத்தில் இன்னொருவரின் சக்கரம் உரசினால், நம் சக்கரம் இடப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. வண்டி இடப்புறம் நழுவிப்போக, உடல் வலப்புறம் சாய்கிறது. அந்தச் சாய்வைத் திருத்த வலப்பக்கம் திருப்பியாக வேண்டும், ஆனால் அங்கே அந்தச் சக்கரம் சுவர்போல நிற்கிறது. திருத்தும் வழி அடைபட்டுவிட்டதால் உரசிய பக்கத்திலேயே விழுகிறோம். முன்னால் இருப்பவருக்கு உரசப்படுவது பின் சக்கரம். அவருடைய திசைதிருப்பும் சக்கரத்தை யாரும் தொடவில்லை.

அப்படியானால் ஏன் அவ்வளவு நெருக்கமாக ஓட்ட வேண்டும் என்ற கேள்விக்கு விடை எளியது. நேர்த்தரையில் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. இன்னொருவரின் பின்னால் ஒட்டி ஓட்டினால் அந்த உழைப்பில் ஏறத்தாழ கால் பங்கோ, அதற்கு மேலோ மிச்சமாகிறது. என்னைப் போன்றவர்கள் முன்கூட்டத்தில் நிலைத்திருப்பதே அந்த மிச்சத்தால்தான்.

எங்கள் வேகம் மணிக்கு 38 கிலோமீட்டர்; நொடிக்கு 10.6 மீட்டர். கண்ணால் கண்டு கை அசைய கால் நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் 2.6 மீட்டர் கடந்துவிடுகிறோம். இடைவெளியோ அரை மீட்டர்கூட இல்லை. அவர் வெட்டியபின் நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

மார்ச் 11

நேற்றும் அதற்கு முன்தினமும் எழுதியவற்றில் இரண்டு திருத்தங்கள்.

முதலாவது, நான் விழுந்தது 14ஆம் சுற்றில் அல்ல, 13ஆம் சுற்றில். சுற்றுகளைக் குறித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 14 என்ற எண் எழுதிய பலகையை நான் கண்ணால் பார்த்ததாகவே நினைவு சொல்கிறது. ஆனால் அந்தப் பலகையை நான் கடக்கவே இல்லை.

இரண்டாவது, அந்த 2.6 மீட்டர் கணக்கு இங்கே பொருந்தாது என்று ஒரு நண்பர் சுட்டிக்காட்டியது சரி. இருவரும் ஒரே வேகத்தில் முன்னோக்கிச் செல்லும்போது முக்கியமானது பக்கவாட்டு நகர்வுதான். ஒருவர் நொடிக்கு அரை மீட்டர் வீதம் பக்கவாட்டில் நகர்ந்தால், கால் நொடியில் 12 அல்லது 13 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். அது ஒரு சாணுக்கும் குறைவு. எனக்கும் அவருக்கும் இடையே பக்கவாட்டில் அவ்வளவாவது இடைவெளி இருந்ததா என்பதே உண்மையான கேள்வி. என்னிடம் விடை இல்லை.

மார்ச் 13

விழுந்தவுடன் என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு.

எழுந்தேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. எழுந்து நின்று, மிதிவண்டியைத் தேடி, செயின் கழன்றிருப்பதைக் கண்டு அதை மாட்டக் குனிந்தேன். வலது கை வரவில்லை. கை வராததைப் பார்த்தும்கூட, எலும்பு முறிந்திருக்கும் என்ற எண்ணம் எழாமல், இடது கையால் செயினை மாட்ட முயன்றுகொண்டிருந்தேன். குறுகிய சுற்றுப்பாதைப் பந்தயங்களில், விழுந்தவரும் வண்டி பழுதானவரும் ஒரு சுற்று நின்றுவிட்டு, அடுத்த முறை கூட்டம் வரும்போது இழப்பின்றிச் சேர்ந்துகொள்ளலாம் என்ற சலுகை உண்டு. கடைசிச் சில சுற்றுகளுக்கு மட்டும் அது பொருந்தாது. அந்த விதி எனக்கு நன்றாக நினைவிருந்தது. கூட்டம் திரும்பி வர மூன்று நிமிடங்கள்கூட ஆகாது. அதற்குள் ஏறிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் என்னை ஆட்டிவைத்தது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட விதி அது. ஆயினும் தலையில் அடிபட்ட ஒருவரிடம் மூன்று நிமிடக் கெடுவைக் கொடுப்பது சரியா என்று இப்போது ஐயப்படுகிறேன். அந்தச் சலுகையைப் பயன்படுத்துவதற்கு முன் யாரேனும் ஒருவர் அவரைச் சோதித்து அனுமதிக்க வேண்டும் என்று எல்லா உள்ளூர்ப் பந்தயங்களிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

என்னைத் தடுத்தவர் வளைவில் கொடி பிடித்து நின்ற ஒரு பெண்மணி. அவர் என் இடது தோளைப் பிடித்து உட்கார வைத்து, இன்று என்ன தேதி, இது என்ன பந்தயம், இன்னும் எத்தனை சுற்றுகள் இருக்கின்றன என்று கேட்டார். தேதியைச் சரியாகச் சொன்னேன். சுற்று எண்ணிக்கையைத் தவறாகச் சொன்னேன். அதன்பின் “கூட்டம் கடந்துவிட்டதா?” என்று அவரிடம் நான்கு முறை கேட்டேனாம், ஒவ்வொரு முறையும் அவர் பொறுமையாக விடை சொன்னாராம். அந்த நான்கில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது மூளை அதிர்வின் தெளிவான அடையாளங்களில் ஒன்று என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்வு என்று நான் எண்ணியிருந்தேன். பெரும்பாலானவர்கள் மயங்குவதே இல்லை. அறிகுறிகள் உடனே தோன்றாமல், பத்து இருபது நிமிடங்களுக்குப் பிறகும், சில வேளைகளில் மறுநாளும் வெளிப்படலாம். சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் இதற்கென ஒரு நடைமுறையை 2020 டிசம்பரில்தான் வெளியிட்டது. தொழில்முறை வீரர்களுக்கே அவ்வளவு தாமதமாக வந்தது என்றால், உள்ளூர்ப் பந்தயங்களில் இதை அறிந்தவர்கள் அரிதாக இருப்பதில் வியப்பில்லை. தலைவலி ஏறிக்கொண்டே போவது, மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, உறக்கத்திலிருந்து எழுப்ப முடியாமை, பேச்சுக் குழறல், கண்மணிகள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபடுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. எனக்கு அவை எதுவும் வரவில்லை.

அந்தப் பெண்மணியின் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டு மறந்தேனா என்பதும் தெரியவில்லை.

மார்ச் 14

சிராய்ப்புகளை எப்படிக் கவனித்தேன் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக.

எலும்பைவிட முதல் வாரத்தில் என்னை வாட்டியது தோல்தான். வலது இடுப்பிலும் முழங்கையிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய்விட்டது. ஓடும் தண்ணீராலும் சோப்பாலும் கழுவி, பதிந்திருக்கும் மணலையும் தார்த்துகளையும் முழுமையாக எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் தோல் மூடிக்கொண்டால், தொற்று வருவது ஒருபுறம் இருக்க, அந்தத் துகள்கள் பச்சை குத்தியதுபோல் நிலையாகத் தங்கிவிடும். காற்றாடத் திறந்துவைத்துப் பொருக்குக் கட்டவிடுவதே நல்லது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பி வளர்ந்தேன். ஆனால் ஈரம் காக்கும் ஒட்டுப்பட்டையால் மூடிய இடுப்புக் காயம், திறந்துவைத்த முழங்கைக் காயத்தைவிடப் பல நாட்கள் முன்னதாகவே ஆறியது. கடைசியாக இரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதை நினைவில் வைத்திருங்கள். மண் படிந்த காயமாக இருந்து, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மீண்டும் போட வேண்டும் என்பார்கள். எனக்கு ஆண்டு நினைவில்லாததால் போட்டுவிட்டார்கள்.

மார்ச் 17

இரவு இரண்டு மணி. படுத்தால் எலும்பின் இரு முனைகளும் உரசுவதை உணர முடிகிறது. ஆகவே மூன்று தலையணைகளை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடி உறங்குகிறேன். காறை எலும்பு பெரும்பாலும் அதன் நடுப்பகுதியில்தான் முறியும், தோள் நேராகத் தரையில் மோதுவதுதான் அதற்கு வழக்கமான காரணம், முனைகள் அதிகம் விலகாவிட்டால் அறுவை சிகிச்சையின்றித் தூளியிலேயே கூடிவிடும் என்றெல்லாம் சொன்னார்கள். ஆறு வாரங்களில் கூடத் தொடங்கிவிடும். முழு வலு பெற மூன்று மாதங்கள்.

2013 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் முதல் நாளிலேயே விழுந்து இடுப்பெலும்பில் முறிவு கண்ட ஜெரைன்ட் தாமஸ், பாரிஸ் வரை ஓட்டி முடித்ததை ஒருவர் ஊக்கமளிக்கும் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டிருந்தார். அன்போடு சொன்னது என்பது புரிகிறது. ஆனால் தாமஸோடு நாள்தோறும் மருத்துவர்கள் இருந்தார்கள். அது அவருடைய தொழில். வார நாட்களில் வேறு வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்கள் அந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு சாலையிலிருந்து எழுந்து வண்டியில் ஏறக் கூடாது. நான் ஏற முயன்றது அப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்ததால்தான்.

மார்ச் 21

இதை எழுதுவது எளிதாக இல்லை.

எனக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தவர் தம் கைப்பிடியில் சிறு கேமரா பொருத்தியிருந்தாராம். அந்தப் பதிவை நேற்று மாலை அனுப்பிவைத்தார். மொத்தம் 40 நொடிகள். இதுவரை முப்பது தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன்.

நீலச் சட்டைக்காரர் வெட்டவில்லை.

காற்று வலப்புறத்திலிருந்து அடிக்கும்போது மறைவு கிடைப்பது முன்னவருக்கு நேர் பின்னால் அல்ல. சற்று இடது பக்கம் விலகி. அதனால் வரிசை நேராக இல்லாமல் சாய்கோடாக விரிகிறது. பழகிய அணிகள் இதைச் சாலையின் அகலத்துக்கு ஏற்ப ஒழுங்காக அமைத்து, முறைவைத்துச் சுழன்றுகொள்வார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த மறைவில் ஒண்டிக்கொண்டோம். என் முன் சக்கரம் அவருடைய பின் சக்கரத்துக்கு இடப்பக்கத்தில், ஏறத்தாழ கால் சக்கர அளவுக்கு முன்னேறியிருக்கிறது. ஒரு நொடி இரண்டு நொடி அல்ல. விழுவதற்கு முன் முழுதாக ஒன்பது நொடிகள் அந்த இடத்திலேயே இருக்கிறேன். அந்த வேகத்தில் அது 95 மீட்டர் தூரம்.

பிறகு ஒரு காற்று வீசுகிறது. ஓரத்துப் புற்கள் படுப்பது பதிவில் தெரிகிறது. முதலில் இருந்தவர் சற்று இடப்பக்கம் நகர்கிறார், அடுத்தவர் நகர்கிறார், அதற்கடுத்தவரும் நகர்கிறார். ஒரு கயிற்றை மெல்ல ஒதுக்கியதுபோல, வரிசை முழுவதும் இரண்டு நொடிகளில் ஓர் அடி அளவுக்கு இடம் மாறுகிறது. நான் மட்டும் நகரவில்லை. என் தலைக்கவசம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கைப்பிடியில் இருந்த வேகமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேகத்தில் இவ்வளவு நேரம் தாக்குப்பிடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியில் அந்த எண்ணைப் பார்த்திருப்பேன் என்று ஊகிக்கிறேன், நினைவில் இல்லை.

அவர் சட்டென்று வெட்டினார் என்று மார்ச் 9 அன்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பொய் சொல்ல எண்ணி அதை எழுதவில்லை. அவருடைய இடுப்பு அசைந்ததைக்கூட என்னால் இப்போதும் கண்முன் கொண்டுவர முடிகிறது. பார்க்காத 14ஆம் எண் பலகையைக் கொண்டுவர முடிவதுபோலவே. அடிபட்ட தலை, அந்த வெற்றிடத்தில் ஏதேனும் ஒரு காரணத்தை வைத்தாக வேண்டும் என்று அவரை வைத்துவிட்டது.

மார்ச் 22

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, “அப்படியானால் என் விழுதலுக்கும் நானே காரணம் என்கிறீர்களா?” என்று முதல் கேள்வியைக் கேட்ட நண்பர் மனவருத்தத்தோடு எழுதியிருக்கிறார். இல்லை. உங்கள் பந்தயத்தை நான் பார்க்கவில்லை. முன்னால் இருப்பவர் உண்மையாகவே தவறிழைத்த நிகழ்வுகள் உண்டு. 2020 ஆகஸ்ட் 5 அன்று போலந்துச் சுற்றுப் பந்தயத்தின் முதல் கட்டத்தில், இறுதிக் கோட்டுக்குச் சற்று முன்பு டிலன் குரூனவேகன் தம் நேர்க்கோட்டிலிருந்து விலகியதால் ஃபாபியோ யாக்கோப்சன் தடுப்புகளில் மோதி உயிருக்குப் போராடும் நிலைக்குச் சென்றார். விலகியவருக்கு ஒன்பது மாதத் தடை விதிக்கப்பட்டது. யாக்கோப்சன் மறு ஆண்டே திரும்பிவந்து, ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் மூன்று கட்டங்களை வென்றார். இறுதி விரைவோட்டத்தில் எடுத்த நேர்க்கோட்டை விட்டு விலகிப் பிறருக்கு ஆபத்தை உண்டாக்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. ஆனாலும் அந்த நிகழ்வுக்குப் பிறகு விவாதம் அந்த ஒருவரோடு நிற்கவில்லை. இறக்கத்தில் இறுதிக் கோட்டை வைத்தது சரியா, தடுப்புகள் எப்படி அமைக்கப்பட்டிருந்தன என்றும் கேட்டார்கள்.

எனக்கு நேர்ந்தது அந்த வகை அன்று. நடுவழியில், எல்லோரும் இயல்பாக ஒதுங்கும்போது, தன் முன் சக்கரத்தைக் காக்கும் பொறுப்பு பின்னால் இருப்பவருக்கே உரியது. முன்னால் இருப்பவருக்கு முதுகில் கண் இல்லை. நான் அங்கே இருக்கிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இதை ஒப்புக்கொள்வதால் எலும்பு விரைவில் கூடப்போவதில்லை, ஆனால் இரவில் அவரோடு மனத்துக்குள் நடத்திக்கொண்டிருந்த வழக்கு நின்றுவிட்டது.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன்: உரசியபோது உங்கள் முன் சக்கரம் அவருடைய பின் சக்கரத்துக்குப் பின்னால் இருந்ததா, பக்கத்தில் இருந்ததா? யாரிடமாவது பதிவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதற்கு முன் அவரிடம் எதுவும் பேச வேண்டாம்.

மார்ச் 29

தலைக்கவசத்தையும் வண்டியையும் பற்றி.

வெளியிலிருந்து பார்க்கக் கவசம் நன்றாகத்தான் இருந்தது. உள்துணியை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, வலது நெற்றிப்பொட்டுக்கு மேல் வெண்ணிற நுரைப்பொருளில் மயிரிழை போன்ற பிளவு ஓடியிருந்தது. அந்த நுரை ஒரு முறை நசுங்குவதற்காகவே அமைக்கப்பட்டது. நசுங்கித்தான் அது மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது, நசுங்கியபின் மீள்வதில்லை. விழுந்த கவசத்தை மீண்டும் அணியாதீர்கள். யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம்.

ஐரோப்பியத் தரமான ஈ.என். 1078 சோதனையில் தட்டையான பரப்பின்மீது கவசம் மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லை, ஆகவே 38 கிலோமீட்டர் வேகத்தில் அது பயனற்றது என்று ஒருவர் வாதிடுகிறார். எண் சரி, முடிவு தவறு. அந்தச் சோதனை வேகம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மிதிவண்டியில் இருக்கும் ஒருவரின் தலை சாலையிலிருந்து இருக்கும் உயரமும் அதையொட்டியதே. சாலையில் சரிந்து விழும்போது முன்னோக்கிய வேகத்தில் பெரும்பகுதி உராய்ந்து தேய்வதில் கழிகிறது. என் இடுப்புத் தோல் அதற்குச் சான்று. தலை தரையில் மோதும் வேகத்தைத் தீர்மானிப்பது முதன்மையாக அந்த உயரம்தான். நேரெதிரே ஒரு கம்பத்திலோ சுவரிலோ மோதினால் நிலைமை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2003 மார்ச்சில் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கவசமின்றி விழுந்த ஆந்திரே கிவிலேவ் தலைக்காயத்தால் இறந்தபிறகே, அவ்வாண்டிலேயே தொழில்முறைப் பந்தயங்களில் கவசம் கட்டாயமானது. அதற்கு முன்பு அதை எதிர்த்தவர்கள் வீரர்களே.

வண்டியில் கண்ணுக்குத் தெரிந்த சேதம் கைப்பிடி நாடா கிழிந்ததும், முன் சக்கரத்தில் சிறிது கோட்டம் விழுந்ததும்தான். கண்ணுக்குத் தெரியாததே ஆபத்தானது. வலப்பக்கம் விழுந்ததால், பின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் என்னும் சிறு உலோகத் துண்டு உள்நோக்கி வளைந்திருந்தது. சட்டகத்துக்குப் பதிலாகத் தான் வளைவதற்காகவே அது மென்மையாகச் செய்யப்படுகிறது. அதைக் கவனிக்காமல், மேட்டில் ஏற மிகப்பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றியிருந்தால், கியர் மாற்றி ஸ்போக்குகளுக்குள் சிக்கி இன்னொரு முறை விழுந்திருப்பேன். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் கார்பன் இழையால் ஆனது. அதைக் கழற்றி, மேற்குழாய் வரைக்கும் வெளிச்சத்தில் பார்த்து, விரிசல் இல்லை என்று உறுதிசெய்யச் சொல்லியிருக்கிறேன். உலோகம் வளைந்து எச்சரிக்கும். கார்பன் பெரும்பாலும் எச்சரிக்காது.

ஏப்ரல் 4

நீலச் சட்டைக்காரரோடு பேசினேன். நானே எண்ணைத் தேடி வாங்கி அழைத்தேன்.

என்னைவிட ஆறேழு வயது இளையவர். பெயரைச் சொன்னதும் சிறிது நேரம் அமைதியாக இருந்தார். உரசியதை அவர் உணர்ந்திருக்கிறார், ஒலியையும் கேட்டிருக்கிறார். “அண்ணா, அன்றைக்கு நான் திரும்பிப் பார்த்திருந்தால் என் வண்டியும் அந்தப் பக்கமே போயிருக்கும்; பின்னால் வந்தவர்கள்மேல் விழுந்திருப்பேன்” என்றார். அது உண்மை. திரும்பிப் பார்க்கும்போது தோளும் கையும் உடன் திரும்புகின்றன. நெருக்கமான கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை நானும் அறிவேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று ஆறு வாரங்களாக மனத்தில் வைத்திருந்தேன்.

முடிவில் அவர் எந்த இடத்தில் வந்தார் என்று கேட்டேன். முடிக்கவில்லையாம். அடுத்த சுற்றில் நான் சாலையோரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வண்டியை நிறுத்தி, நான் ஆம்புலன்ஸில் ஏற்றப்படும் வரை அங்கேயே நின்றிருக்கிறார். என் வண்டியைச் சாலையிலிருந்து எடுத்து ஓரத்தில் சாய்த்து வைத்தவரும் அவரே. நான் அவரிடமும் கூட்டம் கடந்துவிட்டதா என்று கேட்டேனாம்.

பதிவைப் பார்த்தேன், பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் அதை ஏற்கவில்லை. காற்று வீசும் என்று தெரிந்தும் தாம் கையசைத்து முன்கூட்டியே சொல்லவில்லை என்றார். இருவரும் மாறி மாறி அதைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 5

ஒரு விடுபடல். கொடி பிடித்திருந்த பெண்மணியை அவருக்குத் தெரியுமாம். என் நன்றியைச் சேர்ப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 19

எட்டு வாரங்களும் ஒரு நாளும் ஆகின்றன. எலும்பு முறிந்த இடத்தில் ஒரு முடிச்சு தட்டுப்படுகிறது. படத்தில் நன்றாகக் கூடியிருக்கிறது என்றார்கள். தலைச்சுற்றல் நான்காம் வாரத்திலேயே முற்றிலும் நின்றுவிட்டது. அறிகுறிகள் நீங்கியபின்னும் குறைந்தது ஒரு வாரம் கழித்தே பந்தயத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது தொழில்முறை வீரர்களுக்கான நடைமுறை. எனக்கு அவசரம் இல்லை, எனவே வீட்டுக்குள் நிலையாகப் பொருத்திய வண்டியில் மட்டும் இரண்டு வாரங்கள் மிதித்தேன்.

இன்று காலை முதன்முறையாகச் சாலைக்குச் சென்றேன், மூன்று பேரோடு. தனியாக ஓட்டும்போது எந்தத் தயக்கமும் இல்லை. ஒருவருக்குப் பின்னால் சென்றவுடன் கைகள் என்னைக் கேட்காமலே பிரேக்கைத் தொட்டன. பின்னால் வருபவருக்கு அது எவ்வளவு தொல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே வரிசையின் கடைசியில், இரண்டு வண்டி இடைவெளி விட்டு ஓட்டினேன். இன்னொன்றையும் கவனித்தேன். அச்சம் வரும்போதெல்லாம் கண் முன்னவரின் பின் சக்கரத்தில் குத்திட்டு நிற்கிறது. அவருடைய தோளுக்கு மேலாக, அவருக்கும் முன்னால் இருப்பவரைப் பார்க்க என்னை நானே கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தபோது, வரிசை ஒதுங்கப்போவது ஒரு நொடி முன்னதாகவே தெரிந்தது. வேகமானியைக் கழற்றிச் சட்டையின் பின்பையில் போட்டுவிட்டேன்.

முதல் கேள்வி கேட்ட நண்பர் பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். தம் சக்கரம் பின்னால்தான் இருந்தது என்று உறுதியாக நம்புகிறாராம். இருக்கலாம். அப்படியே இருந்தாலும், பிழையைச் சொல்லாமல், விழுந்தபின் என்ன நடந்தது என்று மட்டும் உங்களுக்கு முன்னால் சென்றவரிடம் கேட்டுப் பாருங்கள், நண்பரே.

அடுத்த வாரம் நீலச் சட்டைக்காரரும் நானும் ஒரு புல்வெளியில் பழைய வண்டிகளோடு சந்திக்கிறோம். நடை வேகத்தில், வேண்டுமென்றே முன் சக்கரத்தைப் பின் சக்கரத்தில் உரசி, நிலைகுலையாமல் மீளும் பயிற்சி அது. முதலில் அவர் முன்னால் செல்வார், பின்பு நான். தோள் அனுமதித்தால் எத்தனை முறை விழுந்தேன் என்று இங்கே எழுதுகிறேன்.